தாலியும் தாலி லேஹேரும்

நம் திருமணங்களில் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடுகிறோம். மண்டபத்துக்கு ஓராண்டுக்கு முன்பே முன்பணம் கட்டுகிறோம். புகைப்படக்காரரை ஆறு மாதத்துக்கு முன்பே பிடித்துவிடுகிறோம். மணப்பெண்ணின் சேலைக்காகச் சென்னைக்கே விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. ஆனால், மாலை விருந்தில் மாப்பிள்ளையும் தோழர்களும் இரு வீட்டுத் தந்தையரும் கழுத்தில் கட்டிக்கொண்டு நிற்கப் போகின்ற அந்த மூன்று முழத் துணியை மட்டும் கடைசி வாரத்தில், கடைசிக் கடையில், கடைசி ஐந்து நிமிடத்தில் வாங்குகிறோம். அதையும் கட்டிக்கொள்ளப் போகிறவர் தேர்ந்தெடுப்பதில்லை. கைப்பேசியில் உள்ள சேலைப் படத்தைக் கடைக்காரரிடம் நீட்டி, "இந்தக் கலருக்கு மேட்ச்சா ஏழு குடுங்க" என்று யாரோ ஒருவர் சொல்வதோடு வேலை முடிந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்த மூன்று முழத் துணியைப் பற்றியது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். கழகத்தின் ஆண்டிதழில், தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலத்தையும் இளையோரின் வாசிப்புப் பழக்கத்தையும் பேச வேண்டிய பக்கத்தில் டைக்கு என்ன வேலை என்று ஆசிரியர் குழுவில் ஒரு தோழி கேட்டார். நம்மில் பலர் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் பத்துத் திருமணங்களிலாவது கோட்டு சூட்டோடு மேடையேறப் போகிறோம். அவற்றுள் ஒன்று நம்முடையதாகவும் இருக்கலாம். அப்படி ஏறுகிறவன் தன் கழுத்தில் இருப்பதைத் தானே தேர்ந்தெடுத்தானா, அவனுக்கு அதைக் கட்டத் தெரியுமா என்பவை சின்னக் கேள்விகளாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் பெயரைத் தீர்த்துக்கொள்வோம். தமிழ்ப்பள்ளியில் அதற்குக் 'கழுத்துப்பட்டை' என்று பெயர். நல்ல சொல்தான். ஆனால், நாயின் கழுத்தில் இருப்பதும் கழுத்துப்பட்டை. கழுத்து வலிக்கு மருத்துவர் மாட்டிவிடுவதும் கழுத்துப்பட்டை. 'டை' என்று எழுதினாலோ தலைக்குப் பூசும் டை குறுக்கே வருகிறது. திருமணத்துக்கு முதல் வாரம் நம் அப்பாக்களுக்கு இரண்டு டையும் தேவைப்படுகின்றன என்பது வேறு செய்தி. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் நாள், கட்டொழுங்கு ஆசிரியர் வரிசையில் நின்ற எங்களைப் பார்த்து, "தாலி லேஹேர் மானா?" என்று கேட்டார். மலாய்மொழியில் 'தாலி' என்றால் கயிறு. 'லேஹேர்' என்றால் கழுத்து. டை எங்கே என்பதுதான் கேள்வி. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நாங்கள் நான்கு பேர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆம்பளைக்குத் தாலியா?

அந்தச் சிரிப்பை இப்போது கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறேன். நம் திருமணத்தன்று காலையில் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுகிறது. மாலையில் ஆணின் கழுத்தில் தாலி லேஹேர் ஏறுகிறது. காலைத் தாலிக்கு எத்தனை முடிச்சு, எந்த முடிச்சை யார் போடுவது, பொட்டின் வடிவம் எந்தக் குடும்பத்து வழக்கம் என்பதெல்லாம் வீட்டில் உள்ள பாட்டிக்குத் தெரியும். மாலைத் தாலிக்கு ஒரே முடிச்சு. அதைக் கூடப் போடத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரும் இருப்பதில்லை.

இது நம் குறையன்று, வரலாறு அப்படி. என்னைப் போல் தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசியப் பள்ளிக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் டை, தமிழ்ப்பள்ளிச் சீருடையோடு வந்த ரப்பர் நாடா வைத்த டை. முடிச்சு ஏற்கெனவே போட்டிருக்கும்; இழுத்துவிட்டால் 'டப்' என்று கழுத்தில் அடிக்கும்; பின்னால் உட்காருகிறவனுக்கு நாள் முழுக்க அதுதான் விளையாட்டு. இரண்டாவது, இடைநிலைப்பள்ளியில் மாணவர் தலைவர்கள் கட்டும் டை. அப்போதுதான் உண்மையான முடிச்சு அறிமுகமாகிறது. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் நான்காம் படிவத்து மலாய் அண்ணன் ஒருவர். எதிரே நின்று காட்டினால் இடம் வலமாக மாறிவிடும் என்று, என் பின்னால் வந்து நின்று, தன் கழுத்தில் கட்டுவதைப் போலவே என் கழுத்தில் கட்டிக் காட்டினார். வேட்டி கட்ட அப்பா சொல்லிக் கொடுத்தார். டை கட்ட அந்த அண்ணன். சொல்லிக் கொடுக்க அப்படி யாரும் வாய்க்காதவர்கள் ஜிப்பு வைத்த டையிலேயே நின்றுவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு நண்பரின் அண்ணன் திருமண விருந்தில் தோழர்கள் ஏழு பேர். மண்டபத்துப் பின்னறையில் ஏழு பேருக்கும் ஒரே ஒருவன் டை கட்டிவிட்டான். முடிதிருத்தகத்தில் காத்திருப்பதைப் போல மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். கட்டி முடித்தவர்கள் விருந்து முடியும்வரை அதைத் தொடவேயில்லை. அவிழ்ந்துவிட்டால் யார் திரும்பக் கட்டுவது? சாப்பிடும்போதுகூடத் தளர்த்தாமல் விறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்தத் துணியின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்த விறைப்பு குறையும் என்பது என் எண்ணம். ஐரோப்பாவில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர்க் காலத்தில் பிரான்சுக்காகப் போரிட வந்த குரோவேசியக் கூலிப்படையினர் கழுத்தில் ஒரு துணியை முடிந்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் கட்டத் தொடங்கினார்கள். 'குரோவாத்' என்ற அந்த மக்களின் பெயரிலிருந்தே 'கிராவாத்' என்ற சொல் பிறந்தது. போருக்குப் போகும் வீரர்களின் கழுத்தில் மனைவியரும் காதலியரும் கட்டியனுப்பிய துணி அது என்று ஒரு கதையும் உண்டு. கதைதான், என்றாலும் பெண் கட்டி ஆண் கழுத்தில் ஏறிய தாலி என்று நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது. ஆகவே, துரைமார் வானத்திலிருந்து கொண்டு வந்த பொருளன்று இது. கூலிக்குப் போரிட்டவன் கழுத்திலிருந்து அரசவைக்கு ஏறிய துணி.

இன்று நாம் கட்டும் நீண்ட டையின் வெட்டு 1920களில் வந்தது. நியூயார்க்கில் ஜெஸ்ஸி லாங்ஸ்டோர்ஃப் என்பவர் துணியை நேராக வெட்டாமல் குறுக்குச் சாய்வில் வெட்டி, மூன்று துண்டுகளாகத் தைக்கும் முறையைக் கொண்டு வந்தார். சாய்வாக வெட்டிய துணி இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் நல்ல டை, முடிச்சை அவிழ்த்துத் தொங்கவிட்டால் மறுநாள் சுருக்கம் போய்விடுகிறது. கடையில் சோதிப்பதும் எளிது. டையை நடுவில் பிடித்துத் தொங்கவிடுங்கள். நேராகத் தொங்கினால் வாங்கலாம். திருகிக்கொண்டு சுழன்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். மேடையிலும் அது அப்படியேதான் திருகிக்கொண்டு நிற்கும்.

முடிச்சுக்கு அறிவியலே இருக்கிறது. தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் என்ற இரு இயற்பியலாளர்கள் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, சாதாரண டையை 85 வழிகளில் கட்டலாம் என்று கணித முறையில் கணக்கிட்டு 1999இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். நமக்கு 85 தேவையில்லை, இரண்டு போதும். ஒன்று, நான்கே அசைவில் முடியும் சாதாரண முடிச்சு. கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வுதான் அதன் அழகு. மற்றொன்று, முக்கோணமாக அமரும் அரை வின்ட்சர். அகலக் காலருக்கு அது பொருந்தும். முழு வின்ட்சர் முடிச்சைக் கட்டி, கொழுக்கட்டையை விழுங்கி அது தொண்டையில் நின்றுவிட்டதைப் போல நிற்க வேண்டாம் என்பதே என் தாழ்மையான வேண்டுகோள். அந்த முடிச்சுக்குப் பெயர் கொடுத்த வின்ட்சர் கோமகனே அதைக் கட்டியதில்லை; தடித்த துணியில் தைத்த டையைச் சாதாரண முடிச்சாகத்தான் கட்டினார். முடிச்சுக்குக் கீழே விரலால் அழுத்தி ஒரு சின்னக் குழி விழச் செய்தால் போதும். டையின் நுனி இடைவார்ப் பூட்டைத் தொட வேண்டும். தொப்புளுக்கு மேலே நின்றால் பள்ளிப் பையன். அதற்குக் கீழே போனால் நான் சொல்ல மாட்டேன்.

அகலத்தைப் பற்றி ஒரு சொல். கோட்டின் மார்பு மடிப்பு எவ்வளவு அகலமோ, ஏறக்குறைய அவ்வளவு அகலம் டைக்கும் இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது. மெல்லிய டை ஒல்லியான மாப்பிள்ளைக்குச் சரி. ஆனால், தோழர்கள் எல்லாருக்கும் ஒரே டை என்று சொல்லி, அகன்ற மார்புள்ள மாமாவுக்கும் இரண்டு விரல் அகலத்தில் கட்டிவிட்டால், பூசணிக்காயைச் சுற்றி நாடா கட்டியது போல் இருக்கிறது. மூச்சு முட்டுகிறது என்று பெரியவர்கள் டையைப் பழிப்பதும் நியாயமில்லை. முட்டுவது சட்டை. கழுத்தளவு பாராமல் வாங்கிய சட்டையில் மேல் பொத்தானைப் போட்டால் யாருக்கும் முட்டும். பொத்தான் போட்ட பிறகு இரண்டு விரல் உள்ளே போகிற சட்டையை வாங்குங்கள். டை யார் கழுத்தையும் நெரிக்காது.

இனி நிறத்துக்கு வருவோம். எனக்கு உண்மையான சண்டை இங்கேதான்.

பெண்ணின் சேலை என்ன நிறமோ அதே நிறத்தில் மாப்பிள்ளைக்கு டை, அதே நிறத்தில் கோட்டுப் பையில் கைக்குட்டை, அதே நிறத்தில் தோழர்களுக்கு டை. அதுவும் பளபளக்கும் சாட்டின் துணியில். தூரத்திலிருந்து பார்த்தால் மேடையில் மனிதர்கள் தெரிவதில்லை. மண்டப நாற்காலிகளுக்குக் கட்டிய நாடாவின் தொடர்ச்சியாகத்தான் தெரிகிறார்கள். பொருத்தம் என்பதற்கு 'அதே' என்று யார் பொருள் சொன்னது? நம் சேலையைக் கேட்டால் அது வேறு சொல்லும். காஞ்சிபுரத்துப் பட்டில் உடல் ஒரு நிறம்; கரை வேறு நிறம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளுக்குக் குங்குமக் கரை. உடலையும் கரையையும் வெவ்வேறு நிற இழையில் நெய்து, இரண்டையும் தறியிலேயே ஒன்றோடொன்று பின்னி இணைப்பதற்கென்றே 'கோர்வை' என்ற நெசவு முறையை வைத்திருக்கிறார்கள். மாறுபட்ட இரண்டு நிறத்தை இணைப்பதற்கு அத்தனை உழைப்பு! ஒரே நிறமாக நெய்வது அவர்களுக்கு எளிது. எளியதை அவர்கள் விரும்பவில்லை. நாம் ஏன் விரும்புகிறோம்?

ஆகவே, டையை உடலின் நிறத்தில் தேடாதீர்கள், கரையில் தேடுங்கள். சேலை அரக்கும் பச்சையும் என்றால் டை கரும்பச்சையாக இருக்கட்டும். சேலை மயில்கழுத்து நிறம் என்றால் கரையில் ஓடும் செம்பொன் நிறத்தை எடுங்கள். சரிகையை அப்படியே எடுக்க வேண்டாம். மேடை விளக்கில் மின்னும் வேலையை மணப்பெண்ணுக்கு விட்டுவிடுவோம். பளபளப்பில்லாத, நெசவு தெரிகின்ற பட்டு போதும். டை சட்டையைவிடக் கொஞ்சம் கருமையாக இருக்க வேண்டும். கைக்குட்டை டையின் உறவினராக இருக்கலாம். இரட்டையராக இருக்க வேண்டாம்.

கறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் இளைஞர்களுக்கு ஐயம் வந்தால் உடனே கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. 'சேஃப்' என்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் மங்கல நாளில் கறுப்பை விரும்ப மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு மேல்நாட்டு முறை என்று கட்டுகிறோம். ஆனால், மேல்நாட்டிலோ சாதாரணக் கோட்டோடு கட்டும் நீண்ட கறுப்பு டை இறுதிச் சடங்குக்கு உரியது. பாட்டியும் வெள்ளைக்காரரும் ஒருமனதாக ஒத்துப்போகும் அபூர்வமான இடம் இது. கருநீலத்துக்கு மாறிவிடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. "நம்ம கலருக்கு இதெல்லாம் எடுக்காது" என்ற வாக்கியத்தைக் கடைக்காரரிடமிருந்து கேட்டதைவிட நம் வீட்டாரிடமிருந்துதான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். மாம்பழ மஞ்சளைக் கையில் எடுத்தால் சித்தி பிடுங்கி வைத்துவிட்டுச் சாம்பல் நிறத்தை நீட்டுவார். கறுப்பாக இருப்பவன் பளிச்சென்று உடுத்தக் கூடாது என்பது நம்மிடையே எழுதாச் சட்டம். கண்ணாடி முன் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெள்ளைச் சட்டைக்கும் கரிய கழுத்துக்கும் நடுவே ஆழ்ந்த சிவப்பும் மஞ்சளும் நிற்கிற நிமிர்வு வெளுத்த தோலில் வராது. சாம்பல் நிறம்தான் நம்மை மங்கச் செய்கிறது. நம் பாட்டிமார் கருத்த உடம்பில் அரக்கும் மஞ்சளும் கிளிப்பச்சையும் உடுத்தியவர்கள். அவர்களுக்கு இல்லாத கூச்சம் பேரனுக்கு எங்கிருந்து வந்தது?

செலவைப் பற்றிச் சுருக்கமாக. மாப்பிள்ளைத் தோழனாக நிற்பது பெருமைதான். ஆனால், ஒரே நிறக் கோட்டு, ஒரே நிற டை என்று புலனக் குழுவில் கட்டளை வரும்போது, பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் மாணவனுக்கு நானூறு வெள்ளி என்பது ஒரு மாதச் சாப்பாடு. திருமணம் செய்துகொள்ளப் போகும் மூத்த மாணவர்களே, தோழர்களிடம் கோட்டு இருந்தால் அதையே போடச் சொல்லுங்கள். டையை மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். பண்டல் கடைகளில் ஜப்பானியப் பட்டு டைகள் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் கிடக்கின்றன. பாதிக்கு மேல் ஒரு கறைகூட இல்லாதவை. ஏழு பேருக்கு ஏழு விதமாக, ஆனால் ஒரே நிறக் குடும்பத்தில் பொறுக்கலாம். ஒரு சனிக்கிழமைக் காலை போதும்.

இவ்வளவு பேசுகிறாயே, தமிழன் திருமணத்தில் டையே எதற்கு என்று ஒரு கேள்வி வரும். நம் கழகத்துக் கூட்டங்களில் கட்டாயம் வரும். நியாயமான கேள்வி. மலாய் நண்பர்களின் விருந்துகளுக்குப் போயிருக்கிறோம். அங்கே மாப்பிள்ளை ஒரு நாள் அரசர். சொங்கெட் சுற்றிய பாஜு மெலாயுவில்தான் பெரும்பாலும் அமர்ந்திருப்பார். யாரும் அவரைக் குறைத்து மதிப்பதில்லை. நம் நாட்டில் அரசாங்க விருந்து அழைப்பிதழ்களிலேயே கோட்டு அல்லது நீண்ட கை பாத்தேக் சட்டை என்று போட்டிருக்கும். டை இல்லாமலே மதிப்பாக உடுத்த முடியும் என்று நாடே ஒப்புக்கொண்ட பிறகு, காலையில் வேட்டியில் கம்பீரமாக இருந்த மாப்பிள்ளை மாலையில் ஏன் அதை அவிழ்க்க வேண்டும்? வேட்டிக்கு எதிரான வாசல்கள் இருந்தது உண்மைதான். சென்னையில் வேட்டி கட்டிய உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே 2014இல் ஒரு மன்றம் உள்ளே விட மறுத்தது. அதன் பிறகு அதே ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் அத்தகைய தடைக்கு எதிராகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. நம் திருமண மண்டபத்தில் அப்படி எந்தக் காவலரும் வாசலில் நிற்கவில்லை. விரும்புகிறவர் பட்டு வேட்டியோடே விருந்துக்கும் வரட்டும். இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால், டை கட்டுகிறவனை உடனே வெள்ளைக்காரனுக்கு அடிமை என்று சொல்லிவிடுகிற அவசரத்தை நான் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் என் அப்பா.

வரும் மார்ச்சில் அக்காவுக்குத் திருமணம். விருந்தில் இரு வீட்டுத் தந்தையரும் கோட்டு போடுவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு அது தேவையா என்று வீட்டில் பேச்சு நடந்தது. மாமா வேட்டி என்றார். அம்மா கோட்டு என்றார். சித்தப்பா இரண்டும் வேண்டாம், பாத்தேக் போதும் என்றார். அப்பா தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா பால்மரம் வெட்டியவர். அவர் பார்த்த டையெல்லாம் துரையின் கழுத்தில் இருந்தவை. அப்பா இருபத்தாறு ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். காய்கறி, மேசை விரிப்பு, வாடகை நாற்காலி என்று பல சரக்கு. வாய் ஓயாமல் எல்லாரும் அவர் கழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களே தவிர, அவரைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"காலையில வேட்டி கட்டுறேன்டா தம்பி. அது என் பொண்ணைத் தாரை வார்க்கிறதுக்கு. ராத்திரிக்கு டை கட்டிக்கிறேன். அந்த மண்டபத்துக்கு நான் எத்தனை தடவ சாமான் எறக்கிருக்கேன் தெரியுமா? எல்லாம் பின்வாசல்தான். ஒரு தடவ முன்வாசல்ல, டை கட்டிக்கிட்டு நுழையணும்."

இதற்கு மேல் நான் என்ன பண்பாட்டுப் பாடம் நடத்த முடியும்? காந்தி 1921இல் மதுரையில் மேலாடையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். அது அவர் தேர்வு. அம்பேத்கர் கோட்டும் டையுமாகவே பொதுவாழ்வில் நின்றார். இன்றும் இந்தியாவின் ஊர்களில் நிற்கும் அவருடைய சிலைகளில் பெரும்பாலானவற்றில் டை இருக்கிறது. நல்ல துணி உடுத்தும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களிலிருந்து வந்தவர் கழுத்தில் அந்த டை என்ன பேசியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. துறப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும். பின்வாசலில் சாமான் இறக்கியவரிடம் போய், டையைத் துறந்து தமிழனாக இருங்கள் என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன் சொல்வது எனக்கு நன்றாகப் படவில்லை.

அப்பாவோடு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் கடை கடையாக ஏறினோம். அக்காவின் விருந்துச் சேலை கத்தரிப்பூ நிறம், கரை மாந்தளிர். கடைப்பையன் உடனே கத்தரிப்பூ நிறத்தில் சாட்டின் டையை எடுத்துப் போட்டான். அப்பா அதைத் தொடவில்லை. மேல்தட்டில் இருந்த ஒன்றைக் காட்டினார். ஆழ்ந்த செங்கல் சிவப்பு, மிகச் சிறிய வெள்ளைப் புள்ளிகள். நான் நடுவில் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன், திருகவில்லை. அது எந்தக் கரையிலும் இல்லாத நிறம்தான். ஆனால், அவர் கழுத்துக்கு அது எடுத்தது. நான் மேலே எழுதியிருக்கும் நிற விதியெல்லாம், கட்டிக்கொள்கிறவருக்கு இதுதான் வேண்டும் என்று ஒன்று தோன்றும்வரைதான் செல்லும். விதியை எழுதியவன் என்ற முறையில் அதற்கு விலக்குத் தரும் உரிமையும் எனக்கு உண்டு.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு முடிச்சுப் பாடம். பின்னால் நின்றுதான் சொல்லிக் கொடுக்கிறேன். லாரிச் சுமைக்குக் கயிறு கட்டிப் பழகிய கை என்பதால் இரண்டாம் வாரமே பிடித்துக்கொண்டார். என்ன, கொஞ்சம் இறுக்கிக் கட்டுகிறார். சரக்கு நழுவக் கூடாது பாருங்கள்.

கழகத்துக்கு ஒரு பரிந்துரையோடு முடித்துக்கொள்கிறேன். புதிய மாணவர் அறிமுக வாரத்தில் எத்தனையோ நிகழ்ச்சி நடத்துகிறோம். அரை மணி நேரம் ஒதுக்கி, மூத்த மாணவர் பத்துப் பேர் பின்னால் நிற்க, முதலாண்டு மாணவர்களுக்கு டை கட்டக் கற்றுக்கொடுத்தால் என்ன? மாணவியருக்கும்தான், தம்பிக்கோ அப்பாவுக்கோ கட்டிவிட ஆள் வேண்டுமே. கழக அறையில் ஒரு பெட்டியும் வைக்கலாம். முன்னாள் மாணவர்கள் வீட்டில் சும்மா தொங்கும் டைகளை அதில் போடட்டும். நண்பன் திருமணம், பட்டமளிப்பு விழா, நேர்முகத் தேர்வு என்று தேவைப்படுகிறவர்கள் எடுத்துக் கட்டிவிட்டுத் திருப்பி வைக்கட்டும். பெட்டிச் சாவி யாரிடம் இருப்பது என்பதைச் செயலவை முடிவு செய்துகொள்ளலாம். ஜிப்பு வைத்தவை மட்டும் வேண்டாம். என் பங்குக்கு இரண்டு தருகிறேன். ஒன்று கருநீலம். மற்றொன்று சித்தி பிடுங்கி வைத்தும் நான் திரும்பப் போய் வாங்கிய மாம்பழ மஞ்சள். அதன் நுனியில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் கறை கொஞ்சம் இருக்கிறது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டால் தெரியாது.